மயிலுக்கு ஒரு சுவர்

இந்தக் கோடையில் சுவரைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். கல்யாணமான பதினேழு வருஷத்தில் நான் தனியாக எடுத்த முடிவு அது ஒன்றுதான். அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

சுவர் என்றால் எங்கள் காம்பவுண்டுச் சுவர். மூன்று பக்கம், ஆறடி உயரம், முழுக்கப் பாசி. மே மாதக் கடைசி ஞாயிறு மகள் ஷெரினுக்குச் சர்ச்சில் திடப்படுத்தல். பிஷப்பே வந்து தலையில் கை வைத்து ஜெபித்து அவளைச் சபையில் சேர்த்துக்கொள்கிறார். ஆராதனை முடிந்ததும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார்கள். அதற்குள் சுவர் வெள்ளையாகிவிட வேண்டும் என்பது என் மனைவி பெனிட்டாவின் முடிவு. அவள் முடிவுகள் சங்கரன்கோவில் முழுக்கத் தெரியும்.

"வெள்ளையடிக்குற தங்கப்பழம் அண்ணாச்சியக் கூப்பிடேன்" என்றேன்.

"அவரு கேரளாவுக்கு வேலைக்குப் போயிட்டாரு. இனிமே ஆடிக்குத்தான் வருவாராம்."

"அப்ப ஆடியில அடிச்சுக்கிடலாம்."

"பிஷப்பையும் ஆடிக்கு வரச் சொல்லிருவமா?"

"வேற ஆளே இல்லையா?"

"எல்லாரும் கல்யாண வீட்டு வேலையில இருக்காங்க. நீங்க சும்மாதான இருக்கீங்க? லீவுதான?"

நான் கணக்கு வாத்தியார். கோடை விடுமுறையில் சும்மா இருப்பது என் உரிமை. ஆனால் அதைச் சொல்லும் முறை தெரியவில்லை.

"சும்மாவா? நான் பிள்ளைகளுக்கு கிளாஸ் எடுக்கப் போறேன்."

"என்ன கிளாசு?"

இதை நான் யோசித்திருக்கவில்லை. எதிரே காலண்டர் தொங்கியது. மே மாதத்துக்கு ஒரு பறவை. கீழே சின்ன எழுத்தில், இருநூறு வருஷத்துக்கு முன் அமெரிக்காவில் காடு காடாக அலைந்து பறவைகளை வரைந்த ஒருவரைப் பற்றி நான்கு வரி.

"பறவை வரையுற கிளாஸ்" என்றேன்.

பெனிட்டா என்னைப் பார்த்தாள். பிறகு காலண்டரைப் பார்த்தாள். "நல்லதுதான்" என்று உள்ளே போய்விட்டாள். சண்டை போடுவாள் என்று நினைத்திருந்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஒன்பது பிள்ளைகள் சேர்ந்தார்கள். எல்லாம் தெருப்பிள்ளைகள். அந்த அமெரிக்கரைப் பற்றிச் செல்போனில் தேடிப் படித்து வைத்திருந்தேன். அவர் பறவையைச் சுட்டு, கம்பியால் கட்டி நிறுத்தி வைத்து வரைந்திருக்கிறார். இந்தப் பகுதியை நான் பிள்ளைகளிடம் சொல்லவில்லை.

"சார், அது எப்படி சார் அசையாம நின்னுச்சு?" என்று கேட்டான் நியாஸ் அகமது.

"அந்தக் காலத்துப் பறவைக்குப் பொறுமை ஜாஸ்தி. கேளுங்க. ரெண்டே விதிதான். ஒண்ணு, கண்ணு முன்னால பார்த்து வரையணும். ரெண்டு, நிஜத்துல எவ்வளவு பெருசோ அவ்வளவு பெருசா வரையணும். அவரு அப்படித்தான் வரைஞ்சாரு. யாருக்கு என்ன பறவை வேணும்?"

ஒன்பது பேரும் மயில் என்றார்கள். பக்கத்துக் காலி மனையில் தினமும் மயில் மேய்கிறது. மறுக்க முடியவில்லை.

சார்ட் பேப்பரை விரித்தோம். மயிலின் கழுத்தோடு தாள் தீர்ந்துவிட்டது. இன்னொரு சார்ட்டை ஒட்டினோம். வயிறு வந்தது, கால் வரவில்லை. அமெரிக்கர் தாளுக்குள் அடங்காத பறவைகளின் கழுத்தை வளைத்துக் கீழே இறக்கிவிடுவார். அதே மாதிரி கோகுலின் மயிலை நான் வளைத்துக் காட்டினேன்.

"சார், அது கால இடறி விழுந்த மாதிரி இருக்கு" என்றாள் வேல்விழி.

அப்போது பெனிட்டா நன்னாரி சர்பத்தோடு வந்தாள். கீழே கிடந்த மயிலைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இதுக்கெல்லாம் சுவர்தான் லாயக்கு. ஆனா இப்பவே சொல்லிட்டேன், எங்க வீட்டுச் சுவர்ல ஒரு கோடு விழக் கூடாது."

எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. சுவரில் மயில் வரைந்துவிட்டால்? பச்சைப் பிள்ளைகள் வரைந்த மயிலின் மேல் எந்தத் தாய் வெள்ளையடிக்கச் சொல்லுவாள்? இந்த வருஷம் மட்டுமல்ல, ஆயுசுக்கும் நான் தப்பித்தேன்.

பிள்ளைகள் போனதும் ஆரம்பித்தேன்.

"சுவர்லதான் வரையப் போறோம்."

"முடியாது."

"கலையப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"சுவரப் பத்தித் தெரியும். அந்தப் பாசியில பிள்ளைக கைய வச்சா அரிச்சுத் தள்ளிரும். அலிமா பீவி அக்கா பேரன் நியாசுக்கு ஏற்கெனவே அலர்ஜி. யாரு பதில் சொல்லுவா?"

"பாசிய நான் சுரண்டுதேன்."

"சுரண்டினா கீழ காரை தெரியும். அதுல மயில் வரைஞ்சா மயில் மாதிரியா இருக்கும்? வான்கோழி மாதிரி இருக்கும்."

"ரெண்டு கோட்டிங் ஒயிட் சிமெண்ட் அடிச்சுருதேன். போதுமா?"

"முன்பக்கம் மட்டுந்தான். மத்த சுவரத் தொடக் கூடாது."

இங்கேதான் நான் கணக்கு வாத்தியார் என்பதை அவளுக்கு உணர்த்தினேன். கொண்டையிலிருந்து தோகை நுனிவரை ஒரு மயில் ஏழு அடி. ஒன்பது மயில் அறுபத்து மூன்று அடி. மூன்று பக்கச் சுவரும் சேர்ந்து அறுபத்து நான்கு. ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்க முடியாது என்றேன்.

அவள் காலி சர்பத் டம்ளர்களை அடுக்கினாள். "என்னமோ செய்யுங்க. உங்ககூட மல்லுக்கட்ட என்னால முடியாது" என்றாள்.

ஜெயித்துவிட்டேன். ஜெயித்துப் பழக்கம் இல்லாததால் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாளிலிருந்து ஆறு நாள் பாசி சுரண்டினேன், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், சுவரை நனைத்தேன், அடித்தேன். சனிக்கிழமை சுவர் தயார் என்று சொல்லி, பிள்ளைகளை அதுவரை வர வேண்டாம் என்றுவிட்டேன். வெயில் முதுகை உரித்தது. பெனிட்டா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். மோர் கொடுத்தாள். "அந்த மூலையில இன்னொரு கை அடிங்க. மயிலுக்குக் கொண்டை வருற இடம்லா?" என்று எடுத்துக்கொடுத்தாள். அவளுக்குள் இப்படி ஒரு ரசனை இருந்ததா? பதினேழு வருஷம் கவனிக்காமல் விட்டுவிட்டோமே என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

பக்கத்து வீட்டு அலிமா பீவி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, வெள்ளையடிக்கியளா?"

"இல்லக்கா. ஓவியத்துக்குப் பின்னணி தயார் பண்ணுதேன்."

"அப்படியா? பார்த்தா வெள்ளை மாதிரியே இருக்கு."

"அது அப்படித்தான்க்கா இருக்கும்."

"எங்க பக்கத்துக்கும் கொஞ்சம் பின்னணி தயார் பண்ணுங்களேன்."

சனிக்கிழமை காலை. நாளைக்கு விசேஷம். கரித்துண்டும் வண்ண டப்பாக்களும் எடுத்துக்கொண்டு முன்பக்கம் வந்தேன். ஒரு பிள்ளையையும் காணோம். சுவர் அறுபத்து நான்கு அடிக்கும் பளபளவென்று நின்றது. கண் கூசியது.

பின்பக்கம் குருவிச் சத்தம் கேட்டது. ஓடினேன். குழாயடியில் பெனிட்டா கம்பு தானியத்தைத் தூவியிருந்தாள். சிட்டுக்குருவிகள் கொத்திக்கொண்டிருந்தன. ஒன்பது பிள்ளைகளும் மூச்சு விடாமல் வரிசையாக உட்கார்ந்து, மடியில் கோடு போடாத நோட்டை வைத்து வரைந்துகொண்டிருந்தார்கள்.

"ஏலே, என்ன பண்ணுதீங்க?"

"குருவி வரையுதோம் சார்" என்றான் கோகுல். "நிஜ அளவு சார். ஸ்கேல் வச்சுப் பார்த்தேன். கரெக்டா ஆறு இஞ்சு."

"மயில் எங்கல?"

"மயில் இன்னிக்கு இங்க வரல சார். கண்ணு முன்னால பார்த்துத்தான வரையணும்?"

நான் மொட்டை மாடிக்கு ஏறினேன். காலி மனையில் மயில் இல்லை. யாரோ காலையிலேயே தட்டி விரட்டிய மாதிரி, ஒரு பழைய தகர டப்பாவும் குச்சியும் மட்டும் கைப்பிடிச் சுவரில் இருந்தன. இறங்கி வந்தேன்.

"ஏட்டி பெனிட்டா, நீ என்ன செஞ்சிருக்க தெரியுமா?"

"மெல்லப் பேசுங்க. பறந்துரும்."

"அந்தச் சுவரு?"

"குருவிக்கு எதுக்குங்க சுவரு? நோட்டுலயே கொள்ளுதே. நீங்க சொன்ன ரெண்டு விதியும் சரியா இருக்கான்னு பிள்ளைககிட்ட நான் ரெண்டு தடவ கேட்டுட்டேன்."

விதிகளில் தவறு இல்லை. ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். விடையும் சரியாகத்தான் வந்திருந்தது. எந்த வரியில் நான் வெள்ளையடிக்கச் சம்மதித்தேன் என்பதுதான் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அறுபது பேர் வந்து பிரியாணி சாப்பிட்டார்கள். ஷெரின் வெள்ளை உடையில் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று எல்லாரோடும் போட்டோ எடுத்துக்கொண்டாள். பெனிட்டாவின் தம்பி ஏசுவடியான் சுவரைத் தடவிப் பார்த்தான். வாசுதேவநல்லூரில் உரக்கடை வைத்திருப்பவன்.

"யாருக்கா அடிச்சது? கையே படாத மாதிரி இருக்கு."

"உங்க அத்தான்தான். மயில் வரையுததுக்குன்னு அடிச்சாங்க."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். கை கழுவிவிட்டு நேரே என்னிடம் வந்து, பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டுப் பணிவாக உட்கார்ந்தான்.

"அத்தான், நம்ம உரக் குடோன் சுவர்லயும் ஒரு மயில் வரையணும். தோகை விரிச்ச மயிலா இருக்கட்டும்."