பிரசாதம் விரதத்தில் சேராது

பொய் சொல்வதென்றால் ஊர் பார்த்துச் சொல்ல வேண்டும். திருப்பதிக்கு ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊரில் இருந்துகொண்டு, "பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு இனிப்பை விட்டுவிட்டேன்" என்று பொய் சொன்ன ஒரே முட்டாள் நானாகத்தான் இருப்பேன்.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. நகரியில் நான்கு பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்தேன். கால் எரிகிறது என்று திருப்பதியில் ஒரு டாக்டரைப் பார்க்கப் போனேன். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "சுகர். இனிமேல் மாத்திரையை நிறுத்தக் கூடாது" என்றார். நான் பரீட்சையில் பாஸானவன்போல "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பஸ் புத்தூர் வரும்வரை ஒன்றும் தோன்றவில்லை. அங்கே ஏறிய ஒருவர், "காலை கொஞ்சம் மடக்கிக்கோப்பா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் நைனாவுக்கு இதே நோயில்தான் வலது கால் போனது. (அந்த மனிதர் பயந்துபோய், "பரவால்ல, நீட்டிக்கோ" என்றார்.)

வீட்டில் சொல்லவில்லை. பயம்தான், வேறென்ன. சுகர் என்று தெரிந்த நாளிலிருந்து நைனாவிடம் பேசியவர்கள் எல்லோரும் அவர் காலைப் பார்த்துத்தான் பேசினார்கள். முகத்தை யாரும் பார்க்கவில்லை. என் மனைவி அமுதாவும் என்னை அப்படிப் பார்த்துவிட்டால் தாங்க முடியாது என்று தோன்றியது. ரிப்போர்ட்டையும் மாத்திரையையும் தறிக் கொட்டகையில் நூல் மூட்டைக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்றதும் அமுதா பிடித்துக்கொண்டாள்.

"இன்னா மாமா, எதுக்கு வேணாம்?"

"பெருமாளுக்கு வேண்டிக்கினு கீறேன். இனிமே இனிப்பு துன்ன மாட்டேன்."

"இன்னா வேண்டுதலு?"

"எல்லாம் உன் நல்லதுக்குத்தான்" என்றேன். (நாக்கில் சனி.)

அவள் கண் கலங்கிவிட்டது. சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. எங்கள் தெருவில் வாரம் ஒருவராவது மலைக்குப் போய் வருவார்கள். வந்ததும் வீட்டுக்கு வீடு லட்டு கொடுப்பார்கள். நான் பின்வாங்கினால், "பிரசாதம் விரதத்துல சேராது, வாயத் தொற" என்பார்கள். மற்றவர்களுக்கு ஒரு கிள்ளு. இனிப்பையே துறந்த மகா பக்தனான எனக்கு அரை லட்டு. சுகர் வருவதற்கு முன்னால்கூட நான் அவ்வளவு லட்டு தின்றதில்லை.

ஒரு மாதம் போனது. அமுதாவின் தங்கைக்குத் திருச்சானூரில் ஒரு லாட்ஜ் ஹாலில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை ஏர்பேட்டுக்காரர். என் பக்தியைக் கேள்விப்பட்டிருந்த அவருடைய அம்மா, மலையிலிருந்து கொண்டுவந்த ஒரு முழு லட்டை என் கையில் வைத்தார். பிரசாதத்தைத் தூக்கிப் போட முடியுமா? ஜன்னல் ஓரம் மறைத்து வைத்தேன். அரைமணி நேரம் கழித்து யாரோ ஜன்னலைத் திறக்க வரவும், அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். லட்டைச் சுற்றி அதற்குள் கட்டெறும்புகள் மொய்த்திருந்ததைக் கவனிக்கவில்லை.

மாமனார் இல்லாததால் பெண் வீட்டுத் தட்டை நான்தான் மாற்ற வேண்டும். தட்டைத் தூக்கினேன். மார்பில் முதல் கடி விழுந்தது. உடம்பை முறுக்கினேன். இரண்டாவது கடியில் "ஆ!" என்று கத்தி ஒரு குதி குதித்தேன். தேங்காய் ஒரு பக்கம் உருண்டது, வாழைப்பழம் ஒரு பக்கம் பறந்தது.

"சாமி வந்துட்சி!" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அவ்வளவுதான். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். இரண்டு பேர் என் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். இனி சொறியவும் வழியில்லை. ஒருத்தி தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். எறும்புகளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சொல்லு சாமி! யாரு வந்துகீற?"

பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுத்த கடி பொறுக்க முடியாத இடத்தில் விழுந்தது.

"சுகரு!" என்று அலறினேன். "எனக்கு சுகரு வந்துகீது! ஒரு மாசமா!"

கும்பிட்ட கைகள் எல்லாம் இறங்கின. மாப்பிள்ளையின் அப்பா மட்டும், கும்பிட்ட கையை இறக்காமல் கேட்டார்: "எவ்ளோ சாமி கீது?"

"முந்நூத்தி இருபது!"

"சாப்ட்டா, சாப்டாமயா?"

அதற்குள் லட்டு பையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எறும்பைப் பார்த்ததும் எல்லோருக்கும் எல்லாம் புரிந்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா இடுப்பிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். பிறகு வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கி, இரண்டு காலாலும் தரையில் ஓங்கி மிதித்துக் காட்டினார். "பன்னெண்டு வருசமா கீது எனக்கு. பாரு, ரெண்டும் கீது. மாத்திரைய ஒயுங்கா போட்டுக்கினு வா, போதும்."

அமுதா என் சட்டையைக் கழற்றி உதறினாள்.

"எனுக்காக வேண்டிக்கினு கீறன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சனே. எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா உனுக்கு?"

அவள் என் காலைப் பார்க்கவே இல்லை. முகத்தைத்தான் பார்த்தாள், எரித்துவிடுவதுபோல. சட்டையில்லாமல், மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றிருந்த எனக்கு அத்தனை நிம்மதியாக இருந்தது.

மறுநாளே அவள் மலையேறி நிஜமாகவே வேண்டிக்கொண்டாள்: என் சுகர் இறங்கும்வரை அவள் இனிப்பு தொட மாட்டாளாம். இறங்கிவிட்டது. ஆனாலும் விரதத்தை விடவில்லை; இறங்கினது ஏறாமல் இருக்க வேண்டுமாம். பிரசாதம் மட்டும் விரதத்தில் சேராது. எனவே தெருவில் யார் லட்டு கொண்டுவந்தாலும் அவள்தான் சாப்பிடுகிறாள். கடைசியில் எனக்குக் கடுகளவு கிள்ளி எடுத்து, உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்பாள்.

"சொல்லு சாமி, யாரு வந்துகீற?"

"சுகரு" என்று உரக்கச் சொன்னால்தான் அது என் வாய்க்கு வரும்.