உருளை வறுவல்மேல் சீஸ் உருக்கிய படலம்

வாழ்க லிஃப்ட் பழுதுபார்க்கும் கோமான்! இரண்டு மாடிகளுக்கு நடுவே சிக்கி அலறுவோர் குரல் கேட்டால் பாதிச் சாப்பாட்டில் எழுந்தோடும் காலினன், கிரீஸ் மணக்கும் கையினன், காலைக் கதிரவன் தன் முகம் திருத்திக்கொள்ளத் தக்க பளபளப்புடைய தலையினன், மணம் முடித்த நாள்முதல் வெந்நீர் தவிர வேறெதையும் அடுப்பில் ஏற்றியறியாத பெருவீரன், அவன் புகழ் ஓங்குக! அவனைப் பாடப் புகும் நான் அவனுடைய இல்லாள். அவன் உயிரோடிருந்தால் வரிக்கு வரி "அது அப்படி இல்ல" என்று குறுக்கே விழுந்து திருத்தியிருப்பான். இப்போது அந்தத் தொல்லை இல்லாமையால், நடந்ததை நடந்தபடியே பாட முடிகிறது.

போருக்குக் காரணம் கேளுங்கள். கோமானுக்கு ஒரே மகள். படிப்பு முடிந்து சான்றிதழ் வாங்க அவள் கல்லூரிக்குப் போன அதே நாளில், அக்கல்லூரியின் லிஃப்ட்டும் மூச்சை நிறுத்த, அதற்கு உயிரூட்ட இவனும் அங்கே போயிருந்தான். தோழியர் புடைசூழ மகள் அன்னம்போல் நடந்து வரக் கண்டவன், உவகை தலைக்கேற, லிஃப்ட் குழிக்குள்ளிருந்து பளபளக்கும் தலையை மட்டும் வெளியே நீட்டி, வீட்டில் மட்டுமே வழங்கும் அவளது திருப்பெயரால் முழங்கினான்: "ஏய் சுண்டெலி, சாப்டியா?"

தோழியர் சிரித்த சிரிப்பு நான்கு மாடிகளுக்கும் கேட்டதாம்.

அன்றே மகள் மௌனம் என்னும் கவசம் பூண்டாள். ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்திருக்கையிலும், தண்ணீர் ஜாடியை நகர்த்தச் சொல்லும் தூது என் வழியாகவே சென்றது. ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டது. மறுநாள் விடிந்தால் அவள் முதல் வேலையில் சேர வேறோர் ஊருக்குப் போகிறாள். பேசாமலே போய்விடுவாளோ? ஊரிலுள்ள லிஃப்ட்டையெல்லாம் ஏற்றி இறக்கிய கோமானுக்குத் தன் வீட்டில் நடுமாடியில் நின்றுவிட்ட இந்த ஒன்றை நகர்த்த வழி தெரியவில்லை. அணைத்து வைத்த டிவியின் கறுப்புத் திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு எழுந்தான். கடைத்தெருவில் அட்டைப்பெட்டியில் விற்கும் அந்தப் பண்டம், உருளை வறுவலைக் குவித்து, கிரேவியால் நீராட்டி, உருகிய சீஸால் போர்வை போர்த்தி வரும் அந்தப் பண்டம், மகளின் உள்ளங்கவர் கள்வன் என்பது அவனுக்குத் தெரியும். கூடம் அதிர அறிவித்தான்: "இன்னிக்குக் கிச்சன் என்னோடது. ஒருத்தரும் உள்ள வரக் கூடாது."

வேலைக்குப் போடும் கண்ணாடியை அணிந்தான். ரப்பர் கையுறை மாட்டினான். ஸ்க்ரூ டிரைவர் பிடித்துப் பழகிய கையால் கத்தி பிடித்து, உருளைக்கிழங்குப் படையைத் தோலுரித்து, விரல் நீளத்தில் துண்டம் துண்டமாக வெட்டி வீழ்த்தி, நீரில் அலசினான். அலசியதைத் துணியில் ஒற்றி ஈரம் போக்க வேண்டும் என்னும் போர்விதி அவனுக்குத் தெரியாது. ஈரக்கிழங்கு எண்ணெயில் இறங்கிய கணத்தில் வாணலி பேரோசையுடன் சீறி எழுந்து, எண்ணெய் அம்புகளை மழையெனப் பொழிந்தது. கோமான் புறமுதுகிடவில்லை. குக்கர் மூடியைக் கேடயமாக ஏந்தி, ஓரடி பின்வைத்து, நீண்ட கரண்டியால் அவ்வெள்ளத்தைக் கடைந்து, முதல் வறுவல் படையைப் பொன்னிறத்தில் கரைசேர்த்தான்.

ஆயினும் தட்டில் குவியல் உயரவில்லை. ஈடு ஈடாக எடுத்துப் போட்டும் உயரவில்லை. மாயமோ, மந்திரமோ? இரண்டுமில்லை, மைத்துனன். அக்கா மகளை வழியனுப்ப வந்திருந்த என் தம்பி, காவலைப் பூனைபோல் கடந்து, கோமானின் முதுகுக்குப் பின்னே நின்று ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தான். பிடிபட்டபோதும் முகத்தில் கலக்கமில்லை. "வெந்திருக்கான்னு பாக்கறேன் மாமா" என்றான்.

"ஒரு கிலோவும் வெந்திருக்கான்னு பாப்பியாடா நீ? தட்டைக் கீழ வை."

இனி கிரேவிப் போர். வெண்ணெய் உருகியது, வெங்காயம் சிவந்தது, மைதா மணந்தது. அதுவரை தெய்வங்கள் அவன் பக்கம் நின்றன. பின்பு அவன் தண்ணீரை ஒரே மூச்சில் கொட்ட, மைதா ஆயிரம் கட்டிகளாகத் திரண்டு கலகம் செய்தது. கரண்டியால் அடித்தான், மசியவில்லை. மத்தால் கடைந்தான், மதிக்கவில்லை. இறுதியில் டீ வடிகட்டியில் கரண்டி கரண்டியாக ஊற்றி, ஒவ்வொரு கட்டியையும் தனித்தனியே நசுக்கிக் கொன்றான். வென்றான். ஆனால் கிரேவி ஆறிப்போயிற்று. மீண்டும் சுடவைக்க அடுப்பைத் திருகினால், நீலச்சுடர் ஒருமுறை விக்கி, சிறுத்து, மறைந்தது. சிலிண்டர் காலி. மாற்றுச் சிலிண்டர் இல்லை. எங்கள் அரண்மனையில் ஓவனும் இல்லை.

ஆறிய கிரேவியின்மேல் துருவிய சீஸ் துரும்புபோல் கிடந்தது. கோமான் தட்டைச் சுற்றி வந்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். சட்டென்று ஏதோ தோன்றியவனாகப் போய், அத்தனை நாளும் தட்டத் துணியாத மகளின் அறைக்கதவைத் தட்டினான். இதை ராஜதந்திரம் என்று பிற்காலத்தில் அவன் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டது பச்சைப் பொய். அந்த நேரத்தில் அவன் நெஞ்சில் சீஸைத் தவிர வேறொன்றும் இல்லை.

"உன் ஹேர் டிரையர் கொஞ்சம் வேணும்" என்றான், மூடிய கதவைப் பார்த்து.

உள்ளே பெட்டியில் துணி அடுக்கும் ஓசை நின்றது. உலகம் மூச்சடக்கியது. கதவு ஒரு சாண் திறந்தது. அந்த இடுக்கு வழியே ஒரு கண் வெளிப்பட்டு, தந்தையின் தலையை இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை மெல்ல அளந்தது.

"உங்களுக்கு எதுக்குப்பா அது?"

மதில் வீழ்ந்தது. ஆனால் வீழ்த்தியவனுக்கு அது உறைக்கவில்லை. கருவியைப் பறித்துக்கொண்டு ஓடி, முழு வேகத்தில் முடுக்கினான். ஊழிக்காற்றில் பறந்த சீஸ், ஜன்னலிலும் நாள்காட்டியிலும் என் தம்பியின் மீசையிலும் சென்று ஒட்டியது. பின்னாலேயே வந்த மகள் பார்த்தாள். இடுப்பில் கைவைத்தாள். தள்ளச் சொன்னாள், கருவியைப் பிடுங்கினாள், வேகத்தைக் குறைத்துச் சூட்டை மட்டும் கூட்டினாள். எஞ்சிய சீஸ் ஓரங்களில் வியர்த்து, நெகிழ்ந்து, பொன்னாறாக வறுவலின் இடுக்குகளில் இறங்கிற்று.

தட்டைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்: "இனிமே வெளியில யார் முன்னாடியும் என்னை அப்படிக் கூப்பிடக் கூடாது. சொல்லிட்டேன்."

"கூப்பிட மாட்டேன் சுண்டெலி."

அவள் சிரித்துவிட்டாள். பறை முழங்கவில்லை, பூமாரி பொழியவில்லை. ஆயினும் கடல்சூழ் வையத்துப் பேரரசர் எவரும் எய்தாத வெற்றி எய்திய கோமான், கவிழ்த்துப் போட்ட தண்ணீர் வாளியின்மேல் அரியணை ஏறி அமர்ந்து, மகள் ஒவ்வொரு வறுவலாக எடுத்து, நூலாக நீளும் சீஸை விரலில் சுற்றி அறுத்து உண்பதை, தான் ஒன்றும் உண்ணாமல், கையுறையைக்கூடக் கழற்றாமல், கண்கொட்டாது நோக்கி வீற்றிருந்தான்.

கிரேவியில் உப்பு போட மறந்திருந்தார், நாங்கள் யாரும் சொல்லவில்லை.