புல்வாருக்கு அப்பால் வெளியூர்

புதுச்சேரியின் எல்லை எதுவென்று அடித்துச் சொல்லக்கூடியவர் உலகத்திலேயே ஒருவர்தான். அரசாங்கத்துக்கே அதில் குழப்பம். இங்கே பஸ் ஏறி ஒரு கமர்கட்டைச் சப்பி முடிப்பதற்குள் தமிழ்நாடு வரவேற்கும், புதுச்சேரி மறுபடி வரவேற்கும், திரும்பவும் தமிழ்நாடு வரவேற்கும். இத்தனை மரியாதைக்கு நாம் என்ன செய்தோம் என்று கூச்சமாகிவிடும். எங்கள் ஆபீஸ் யு.டி.சி. குமாஸ்தா புல்வார் முசேவுக்கு மட்டும் அந்தக் குழப்பமே கிடையாது.

பழைய டவுனைச் சுற்றி முட்டை வடிவத்தில் ஒரு சாலை ஓடுகிறது அல்லவா, பிரெஞ்சுக்காரன் போட்ட புல்வார்? அதற்கு உள்ளே இருப்பது பாண்டி. வெளியே இருப்பது வெளியூர். சாலையைத் தாண்டி ஒரு டீக்கடை இருந்தால் அதுவும் வெளியூர் டீக்கடைதான். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா; அது நாங்கள் வைத்த பட்டம். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு மொத்தம் மூன்று வார்த்தை. போன்ழூர், மெர்சி, மூன்றாவதைப் பத்திரிகையில் எழுத முடியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எந்த ஊரு தம்பி?"

"கதிர்காமம் சார்."

"அடடா! தெனம் ஊர்லேர்ந்து வந்துனு போவணுமே. இங்கயே ரூம் எடுத்துத் தங்கிடேன்."

பஸ்ஸில் கால் மணி நேரப் பயணம் அது. மழைக்காலத்தில் நான் தொப்பலாக நனைந்து உள்ளே நுழைவேன். ஜன்னலுக்கு வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருக்கும். ஃபைலிலிருந்து நிமிர்ந்து, "உங்க ஊர்லயும் மழையா தம்பி?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கதிர்காமமும் பாண்டிதான் சார், அதே முதலமைச்சர், அதே கரண்ட் கட் என்று மல்லுக்கு நிற்பேன். வீட்டுக்குப் போனால் என் பெண்டாட்டியே காலை வாருவாள். "நாளைக்குப் பாண்டிக்குப் போறப்ப மறக்காம எறா வாங்கினு வாங்க." இவளை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் ஞாயம் பேசுவது?

நான் வீடு கட்டிக் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டபோதுதான் மனுஷன் உச்சத்துக்குப் போனார். அரசு ஊழியர் லீவு நாளில் வெளியூர் போவதென்றால், தலைமையிடத்தை விட்டு வெளியேற அனுமதி வாங்க வேண்டும். டெல்லி, திருப்பதி போகிறவர்கள் எழுதிக் கொடுப்பார்கள். இவர் கதிர்காமம் போவதற்கு எழுதிக் கொடுத்தார்! அதிகாரி வடக்கேயிருந்து புதிதாக வந்தவர். கதிர்காமம் எங்கே இருக்கிறதென்று அவருக்கு என்ன தெரியும்? 'பத்திரமாகப் போய் வரவும்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். கதிர்காமம் வெளியூர்தான் என்பதற்கு இன்றைக்கும் எங்கள் ஆபீசில் ரெக்கார்டு இருக்கிறது.

விசேஷத்துக்கு ஒரு பையோடு வந்து இறங்கினார். துண்டு, டார்ச் லைட், தண்ணீர் பாட்டில், கொசுவர்த்தி. வந்ததும் வராததுமாகப் பாண்டியில் தன் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, "நல்லபடியா வந்து சேந்துட்டோம்" என்றார். கூட வந்த அவர் மனைவி சரோஜா அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "இந்தாளோட முப்பது வருஷமா குப்ப கொட்டறேன் தம்பி. என்னெ சினிமாவுக்குக் கூட புல்வார தாண்டிக் கூட்டினு போனதில்ல."

ஒருநாள் வசமாக மாட்டினார். அவர் வீடு தெற்கு புல்வாரில். சாலையின் எந்தப் பக்கம் என்று அதுவரை யாருமே கவனித்ததில்லை. தென்பக்கம்! அதாவது உப்பளம்! புல்வாருக்கு வெளியே!

"சார், நீங்களே வெளியூராச்சே!" என்று செக்ஷனே கேட்கும்படி கத்தினேன்.

மனுஷன் அசரவில்லை. "வூட்டு வாசல் எந்தப் பக்கம் பாக்குது? வடக்க. டவுனப் பாத்து. மூஞ்சி எங்க இருக்குதோ அதாய்யா ஊரு. முதுகு வேணா உப்பளத்துல கெடந்துட்டுப் போவட்டும்."

 

அவர் ரிட்டயர் ஆன அடுத்த வருஷம், சரோஜா அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் வாரம் நான்கு நாள் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு வந்து பயிற்சி செய்ய வேண்டும், விட்டால் பிறகு நடக்கவே முடியாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆட்டோ வைத்துக் கூட்டி வந்தார் முசே. இரண்டு வாரம் ஒழுங்காக வந்தார்கள். மூன்றாவது வாரம் ஒரு நாள்தான் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் ஆளையே காணோம்.

ஒரு காலையில் கதவைத் திறந்தால் முசே நிற்கிறார். கையில் பையில்லை, பாட்டில் இல்லை.

"தம்பி, உங்க தெருவுல வூடு எதுனா காலியா இருக்குதா?"

சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காதே. "என்னா சார், வெளியூர்லயா வூடு பாக்கறீங்க?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "வழியில ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் கண்ண இறுக்கி மூடிக்கிறா தம்பி. வாயத் தொறந்து வலிக்குதுன்னு சொல்லவும் மாட்டேங்கறா. இப்ப வரவே மாட்டேன்னு படுத்துட்டா. என்னால பாக்க முடியல. அவ நடந்தா போதும்."

அந்த நிமிஷம் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு அவரோடு கிளம்பினேன். மத்தியானத்துக்குள் தெருக்கோடியில் கீழ்ப்போர்ஷன் ஒன்று பேசி முடித்துவிட்டோம். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குச் சக்கர நாற்காலியிலேயே தள்ளிக்கொண்டு போய்விடலாம். இத்தனை வருஷம் கட்டிக் காத்த புல்வாரை, அந்த வாரக் கடைசியில் ஒரு மினி லாரியில் கட்டில், பீரோ சகிதம் தாண்டி வந்தார் முசே.

பழைய செக்ஷன் ஆட்கள் போன் போட்டுப் போட்டுக் கேட்டார்கள். "என்னய்யா, இப்ப பாண்டி கதிர்காமம் வரைக்கும் வந்துருச்சாமே? முசே எல்லைய நீட்டிட்டாரா?" நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். மனுஷன் ஓர் அங்குலம் நீட்டவில்லை. "எனக்கு வசதிப்படுதுன்னு ஊர இழுக்க முடியுமாய்யா? நான்தான் வெளியூருக்கு வந்துட்டேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, "பாண்டிக்குப் போயிட்டு வரேன்" என்று என் வீட்டு வாசலில் சொல்லிவிட்டுப் போவார். அந்தக் குரலில் ஒரு சொட்டு வருத்தம்கூட இருக்காது. எனக்குத்தான் இருக்கும்.

ஆறு மாசம் ஆயிற்று. போன வாரம் சாயங்காலம், எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவரோடு வாசலில் பேசிக்கொண்டிருந்தேன். தெருவில் சரோஜா அக்கா கைத்தடி ஊன்றி அடிமேல் அடி வைத்து நடந்து வந்தார். இன்னொரு கை முசேவின் கையில். அக்கா நிற்கும்போதெல்லாம் அவரும் நின்றார், தானும் களைத்துப்போனவர்போல.

"பெரியவரு எந்த ஊருங்க?" என்று கேட்டார் எதிர்வீட்டுக்காரர்.

இருபது வருஷம் இந்த ஒரு விஷயத்துக்காக அவரோடு சண்டை போட்டவன் நான்.

"பாண்டிங்க" என்றேன்.

அவர் குழம்பிப்போய், "அப்ப நாம?" என்றார்.

"நாம வெளியூருங்க. இந்தத் தெருவுலயே அவரு ஒருத்தருதான் பாண்டி."