அமலநாதனின் புல்லடுப்பு

புல் வளர்ந்துவிட்டது. அமலநாதனுக்குத் தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

வளராமல் போயிருந்தால் மண்ணைக் குறை சொல்லிவிட்டு, கருவடிக்குப்பம் வீட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்திருப்பார். அதுவோ ஆள் உயரத்தைத் தாண்டி, சேதராப்பட்டு ரோட்டில் போகிறவர்களெல்லாம் வண்டியை நிறுத்தி "கரும்பா சார்?" என்று கேட்கும்படி வளர்ந்து நின்றது. இனி வெட்டியாக வேண்டும்.

அமலநாதன் பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏதோ ஒரு கூட்டத்தில் யாரோ ஒருவர், யானைப்புல்லை வளர்த்து, நறுக்கி, தொட்டியில் ஊறப்போட்டால் சமையல் வாயு வரும், கேஸுக்காக இனி எந்த நாட்டின் காலிலும் விழ வேண்டாம் என்று பேசியதைக் கேட்டுவிட்டு வந்தார். அதிலிருந்து அவருக்கு வேறு பேச்சே இல்லை. மகள் லினெட் பாரிசிலிருந்து போனில் கூப்பிட்டால்கூட, பேரன் எப்படி இருக்கிறான் என்று கேட்பதற்கு முன் புல் எப்படி இருக்கிறது என்று சொல்லி முடித்துவிடுவார்.

நிலம் அவருடையது அல்ல. மனைவி ஸ்டெல்லாமேரிக்கு அப்பன் வீட்டுச் சீதனமாக வந்தது. வருஷா வருஷம் வேர்க்கடலை, அவள் பேச்சில் மல்லாட்டை, விளைந்த மண். அதில் பாதியைத்தான் அவள் புல்லுக்கு விட்டுக்கொடுத்தாள், அதுவும் ஒரு நிபந்தனையோடு.

"இந்தப் புல்லுல ஒரு சட்டி மீன் கொழம்பு வெச்சிக் காட்டுங்க. மீதி நெலத்தையும் தரேன். இல்லன்னா ஆடிப்பட்டத்துக்குப் பூராவும் மல்லாட்டதான்."

அரிவாளோடு வர ஆள் கிடைக்கவில்லை. எல்லாரும் தொழிற்பேட்டையில் ஏசி போட்ட கூடத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அமலநாதன் வெட்டும் மெஷினை வாடகைக்கு எடுத்தார். அது டீசலில் ஓடியது. வெட்டிய புல்லைத் தொட்டியில் போட்டால் பாய் விரித்தாற்போல மிதந்தது. பொடியாக நறுக்கினால்தான் ஊறும் என்றார்கள். நறுக்கும் மெஷின் வந்தது. அதுவும் டீசல். வெட்டிய இடத்தில் மறுபடி துளிர்க்கத் தண்ணீர் வேண்டும், கரண்டோ நினைத்தபோதெல்லாம் போனது. பழைய டீசல் இன்ஜினைக் கிணற்று மேட்டில் ஏற்றினார். கேனும் கையுமாக அவர் ஓயாமல் வருவதைப் பார்த்த பங்க்காரர், கல்யாண மண்டபம் ஏதாவது எடுத்து நடத்துகிறாரா என்று மரியாதையாக விசாரித்தார்.

அடுத்தது சாணி. வெறும் புல்லைப் போட்டால் தொட்டி வேலையை ஆரம்பிக்காதாம். பக்கத்துக் கொல்லைக் கலியபெருமாளிடம் மாடுகள் இருந்தன. அவர் சாணியை விற்க மாட்டார், புல்லுக்கு மாற்றிக்கொள்வார். ஆக, புல்லில் பாதி மாட்டு வயிற்றுக்குப் போய், சாணியாகத் திரும்பி வந்து, மீதிப் பாதியைச் செரிக்க வைத்தது. தொட்டியில் என்ன நடந்ததோ தெரியாது, கலியபெருமாளின் மாடுகள் பளபளவென்று ஆகிவிட்டன.

ஸ்டெல்லாமேரி ஒருநாள் வந்து எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தாள்.

"புல்லு வளக்க டீசலு, வெட்ட டீசலு, நறுக்க டீசலு. அந்த டீசல நேரா அடுப்புல ஊத்தியிருந்தா இந்நேரம் ஊருக்கே சோறாக்கிப் போட்டிருக்கலாம்."

ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்று அமலநாதன் விளக்கினார். நாளைக்கு இந்த இன்ஜின்களே புல் வாயுவில் ஓடும், கழிவெல்லாம் உரமாகும், ஒரு ஊரே புல் போட்டால் ஒரு தொழிற்சாலைக்கே அடுப்பு எரியும் என்றார். அவள் கோயில் பிரசங்கம் கேட்கும் முகத்தோடு கேட்டுக்கொண்டாள்.

அந்தத் தொழிற்சாலை விஷயத்தில் அவர் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார். பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் கேன்டீன் மேனேஜர் தீபலட்சுமியிடம், தன் அடுப்பு ஜெகஜ்ஜோதியாக எரிவதாகச் சொல்லி, வரும் சனிக்கிழமை சாப்பிட வரச் சொல்லியிருந்தார்.

அடுப்பு எரியவில்லை. வாயு சேரும் கறுப்பு ரப்பர் பை என்னமோ விருந்து சாப்பிட்ட வயிறு மாதிரி உப்பித்தான் இருந்தது. நிலத்துக் கொட்டகையில் வைத்த அடுப்பில் தீக்குச்சியைக் காட்டினால் நீலமாக ஒரு நாக்கு எட்டிப் பார்த்து, ஒரு விக்கல் விக்கி, அணைந்துவிடும். பையும் குழாயும் மாட்டிக் கொடுத்தவனின் போன் அணைந்தே கிடந்தது.

அழுத்தம் போதவில்லை என்று தானே முடிவு செய்து பையின்மேல் மணல் மூட்டைகளை ஏற்றினார். பை ஓரத்தில் கிழிந்தது. கிளம்பிய நாற்றத்தில் தொழிற்சாலை வாட்ச்மேன் ஓடிவந்து, எங்கே சாக்கடை உடைந்தது என்று கேட்டார். அமலநாதன் கிழிசலுக்கு ஒட்டுப் போட்டார். போன வாயுவை ஈடுகட்ட இன்னும் புல்லைக் கொட்டினார். தொட்டி புளித்தது. புளிப்புக்குச் சுண்ணாம்பு கரைத்து ஊற்றினார். பை மறுபடி உப்பியது. அடுப்பு மறுபடி விக்கியது.

வெள்ளிக்கிழமை ஸ்டெல்லாமேரி மீன் வாங்கப் பெரிய மார்க்கெட்டுக்குப் போன நேரத்தில், அமலநாதன் தனக்கு வழக்கமாக ஓட்டும் ஆட்டோக்காரர் அய்யப்பனுக்குப் போன் போட்டார். வீட்டு அடுப்படியிலிருந்து ஒரு கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு வரச் சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை. அய்யப்பனும் கேட்கிற ஆளில்லை. சிலிண்டர் வந்தது. தனக்கு இடுப்புவலி என்பதால் அதைப் புல் மூட்டைகளுக்குப் பின்னால் வைக்கிற வேலையையும் அய்யப்பனிடமே விட்டார்.

அய்யப்பன் போனதும் ரெகுலேட்டரை மாட்டித் திறந்து வைத்தார். ஒரு ரப்பர் டியூபை மூட்டைகளுக்கு நடுவே இழுத்து வந்தார். அதை வாயுக் குழாயோடு இணைக்க, தரையோரம் தொங்கிக் கிடந்த குழாயை அறுத்தார். உள்ளிருந்து அழுக்குத் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டி அவர் பேன்ட்டை நனைத்தது. நல்ல பிரெஞ்சில் நான்கு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, அறுத்த இரு முனைகளையும் டியூபையும் ஒன்றாகச் சேர்த்து மாட்டி முடித்தார்.

சனிக்கிழமை அடுப்பு எரிந்தது. விக்கவில்லை, விம்மவில்லை. பூப்போல நீலமாக நின்று எரிந்தது. ஸ்டெல்லாமேரி வஞ்சிரக் குழம்பு வைத்தாள், சோறு வடித்தாள், கடைசியில் அப்பளமும் பொரித்தாள். அமலநாதன் மூட்டைகளை மறைத்தபடி நின்று, வியர்த்து ஊற்ற, இதோ பாருங்கள் என்பதைப் பிரெஞ்சில் "வுவாலா" என்றார். அன்று மாலை ரப்பர் பை தொங்கிக் கிடந்ததைப் பார்த்தபோது, ஒட்டு பிரிந்துகொண்டது என்று நினைத்து அதற்கும் ஒரு சாபம் விட்டார்.

தீபலட்சுமிக்குக் குழம்பும் பிடித்தது, அடுப்பும் பிடித்தது. கேன்டீன் முழுவதற்கும் வாயு தர முடியுமா, சுற்றுவட்டாரத்தில் எல்லாரையும் புல் போட வைக்கலாமா என்று கேட்டாள். கேள்விப்பட்டவர்கள் மறுநாளே, புல் நடுவதற்குத் தண்டுத் துண்டுகளான விதைக்கரணை கேட்டு வந்துவிட்டார்கள். கடலை போட்டிருந்த ஒருவர், செடியைப் பிடுங்கிவிட்டுப் புல் வைக்கப் போவதாகச் சொன்னார்.

அதையும் தாங்கியிருப்பார். ஸ்டெல்லாமேரி செய்ததைத்தான் தாங்க முடியவில்லை. சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தவள், கரண்டியை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாந்தாங்க உங்களப் புரிஞ்சிக்காம கிண்டல் பண்ணிட்டேன். பூரா நெலமும் உங்களுக்குத்தான். எங்கப்பா இருந்திருந்தா உங்களப் பாத்துப் பெருமப்பட்டிருப்பாரு."

மாமனார் உயிரோடு இருந்தபோது அமலநாதனைப் பார்த்துப் பெருமைப்பட்டதே கிடையாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். எல்லாவற்றையும் கேட்ட சாமியார், கடவுள் மன்னித்துவிட்டார், இனி இதை மனைவியிடம் சொல்லிவிடுங்கள் என்றார். முதல் பாதி சுலபமாகத்தான் இருந்தது.

சொன்னார். ஸ்டெல்லாமேரி சத்தம் போடவில்லை, அழவில்லை. "அந்த மேடத்துக்கு நீங்க போன் பண்றீங்களா, நான் பண்ணட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

அவரே செய்தார். தன் புல்லில் வாயு வராது, யாரையும் நம்ப வைக்க வேண்டாம் என்று தீபலட்சுமியிடம் சொன்னார். விதைக்கரணை கேட்டவர்களின் வீட்டுக்கு வீடு போய் அதையே சொன்னார். டிராக்டர் வந்து புல்லை வேரோடு புரட்டிப் போட்டது. அதற்கும் டீசல்தான். தொட்டியை மண் போட்டு மூடினார்கள். ரப்பர் பையை அறுத்து, வலைகளை மூடி வைக்கவென்று மீனவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். கலியபெருமாள் மட்டும் இழவுக்கு வந்தவர் மாதிரி வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

ஆடி மாதம், வேர்க்கடலை விதைத்த அன்று, ஸ்டெல்லாமேரி அதற்குப் பிறகு முதல் முறையாக அவரைப் பார்த்துச் சிரித்தாள். கொட்டகையில் இருக்கும் சிலிண்டரையாவது வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கச் சொன்னாள். அமலநாதன் அய்யப்பனை வரவழைத்தார்.

"பாத்துத் தூக்கு அய்யப்பா, இடுப்புப் பிடிச்சிக்கப் போவுது. ஒரு நாள்தான் எரிச்சேன், முக்கால்வாசி கேஸு அப்படியே இருக்கும்."

அய்யப்பன் சிலிண்டரை ஒற்றைக் கையால் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அவரை வினோதமாகப் பார்த்தார்.

"இதுல ஏது சார் கேஸு? நல்ல சிலிண்டரு அடுப்புல மாட்டியிருந்துது, அதக் கழட்டுனா அக்காவுக்குத் தெரிஞ்சிடுமேன்னு அன்னிக்கி நான் எடுத்தாந்ததே காலி சிலிண்டருதான்."