தம்பியின் வண்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது

எனக்குப் பின் பிறந்து, நான் பிழை செய்யும் முன்னரே அதை மன்னித்துப் பழகிவிட்ட அன்புத் தம்பிக்கு, மூத்தவன் நெஞ்சார வாழ்த்தி எழுதும் மடல்.

இங்கு நானும் உன் அண்ணியும் எல்லாம் வல்லவன் திருவருளால் நலம். அங்கு நீயும் உன் இல்லத்தரசியும் அவ்வாறே இருப்பீர்கள். பணி ஓய்வு பெற்றுத் திரும்புவதாகவும், வரும் ஞாயிற்றுக்கிழமை இங்கு வந்து, ஆறு ஆண்டுகளாக என் கொட்டகையில் நிற்கும் உன் காரை எடுத்துச் செல்லப் போவதாகவும் நேற்றுத் தொலைபேசியில் சொன்னாய். "அண்ணே, வண்டி எப்படி இருக்கு?" என்று ஆசையோடு கேட்டாய். "இருந்த இடத்திலேயே இருக்கிறது" என்றேன். அந்த விடையில் பொய் இல்லை. ஆயினும் மெய் போதிய அளவு இல்லை என்று நெஞ்சு குத்துகிறது. நேரில் சொல்லத் துணிவில்லாமல், எஞ்சிய மெய்யை இதில் எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

அந்த இரண்டு கார்களையும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே சாம்பல் நிறத்தில் வாங்கியது உனக்கு நினைவிருக்கும். பிள்ளைகளுக்குள் ஏற்றத்தாழ்வு கூடாது என்று நம் தந்தையார் நிறத்தில்கூட விட்டுக்கொடுக்கவில்லை. அவ்வகைக் காரைச் செய்வதை நிறுவனம் கைவிட்டுப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. உதிரிப் பாகக் கடையில் போய் அதன் பெயரைச் சொன்னால் கடைக்காரர் முதலில் என்னை உட்கார வைக்கிறார், தண்ணீர் தருகிறார், அதன் பிறகே "இல்லீங்க" என்கிறார். துக்கச் செய்தி சொல்பவரின் பக்குவம் அவருக்குக் கைவந்துவிட்டது. நம் வண்டிகளும் இரட்டையர் போலவே மூப்படைந்தன. இரண்டிலும் கிலோமீட்டர் காட்டும் எண்கள் என்றோ ஓய்வு பெற்றுவிட்டன. என் சாவி உன் வண்டியைத் திறக்கும். உன் சாவி என் வண்டியைக் கிளப்பும். பூட்டு தேய்ந்துவிட்டது என்றார் மெக்கானிக் அம்மாள். உடன்பிறப்பின் ஒருமை என்று நான் பொருள் கொண்டேன்.

ஈராண்டுகளுக்கு முன் என் வண்டி வெளுத்துப் போனதால் வண்ணம் பூசக் கொடுத்தேன். உன்னுடையதை மட்டும் மங்கலாக விட மனம் வராமல் அதையும் சேர்த்தே அனுப்பினேன். வண்ணக்காரர் இரண்டிலிருந்தும் இருக்கை, மிதியடி, எண் பலகை, நான் முன்னால் வைத்திருந்த துதிப் புத்தகம் எல்லாவற்றையும் கழற்றிக் குவித்து, பூசி முடித்து, மீண்டும் பொருத்தி அனுப்பினார். அன்றிலிருந்து என் வண்டிக்கு ஓர் இளமை வந்தது, தம்பி! முன்பு மூச்சிரைத்த மேட்டில் முனகாமல் ஏறியது. வண்ணத்தால் இவ்வளவு நன்மையா என்று வியந்து, அந்த மகிழ்ச்சியில் என் சொந்த வண்டிதானே என்ற உரிமையோடு, துதிப் பாடல் கேட்க ஒலிபெருக்கி மாட்டுவதற்கு டாஷ்போர்டில் மூன்று துளைகள் போட்டேன். பின்கண்ணாடியில் இறைவனுக்கு நானே இயற்றிய வெண்பாவை வெள்ளை எழுத்தில் தீட்டினேன். மூன்றடி முடிந்தது. ஈற்றடி இன்றுவரை அமையவில்லை. அதற்கென்று விட்டிருக்கும் இடைவெளி வழியாகத்தான் பின்னால் வரும் வாகனங்கள் எனக்குத் தெரிகின்றன. "உங்களுக்குக் கவிதை வராத வரைக்கும்தான் நமக்கு உசிரு" என்பது உன் அண்ணியின் திறனாய்வு.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். முதலில் என் வண்டியில் தண்ணீர்க் குழாய் ஒன்று வெடித்தது. மெக்கானிக் அம்மாள் கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"ரப்பர் இத்துப் போச்சு ஐயா. கடையில கெடைக்காது. ஏன், பக்கத்துலயே ஒண்ணு சும்மா நிக்குதே?"

"அது என் தம்பி நம்பி ஒப்படைத்தது அம்மா!"

"நான் என்ன வித்துடவா சொல்றேன்? ஒரு குழாய். தம்பி வரதுக்குள்ள வேற வாங்கி மாட்டிடலாம்."

ஒரு குழாய்தானே என்று இசைந்தேன். அதன்பின் பழுதுகள் அந்தாதித் தொடையில் வரலாயின. ஒன்று முடிந்த இடத்தில் அடுத்தது தொடங்கியது. குழாயைத் தொடர்ந்து அதை ஒட்டிய பம்பு, பம்பைத் தொடர்ந்து பெல்ட்டு, பெல்ட்டைத் தொடர்ந்து டைனமோ. பாதாதிகேசம் பாடும் புலவனைப் போலச் சக்கரத்திலிருந்து மேல்நோக்கிச் சென்று உன் வண்டியின் ஒவ்வோர் உறுப்பையும் நான் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் உறையை விலக்கி, "தம்பி, பொறுத்துக்கொள்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டே ஸ்பானரைக் கொடுப்பேன். "யாருகிட்ட பேசறீங்க?" என்று முதலில் கேட்டுக்கொண்டிருந்த மெக்கானிக் அம்மாள், பிற்பாடு தாமே, "தம்பி, இன்னிக்கு கார்பரேட்டர்" என்று அறிவித்துவிட்டு வேலையைத் தொடங்கலானார். ஒருநாள் உன் வண்டியின் தரைவிரிப்புக்கு அடியில் உன் அண்ணி மூன்றாண்டுகளுக்கு முன் தொலைத்த வாசிப்புக் கண்ணாடி கிடைத்தது. "நான் எதுக்கு உங்க தம்பி கார்ல போய் உக்காந்து படிக்கப் போறேன்? என்னைத் திருடின்னு சொல்ல வர்றீங்களா?" என்று கேட்டாள். திருடன் நானாக இருக்கையில் நான் என்ன சொல்ல முடியும்?

தம்பி, இத்தனையும் வெறும் வண்டிப் பித்து என்று எண்ணிவிடாதே. சென்ற மாதம் ஒரு பிற்பகலில் உன் அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நெஞ்சில் பாறாங்கல்லை வைத்தாற்போல் இருக்கிறது என்றாள். ஆம்புலன்ஸுக்குச் சொன்னால் முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். அதற்கு முந்தின நாள்தான் உன் வண்டியின் பெட்ரோல் பம்பைக் கழற்றி என் வண்டியில் மாட்டியிருந்தோம். சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே கிளம்பியது! வாய் திருநாமத்தை உருவிட, எப்படியோ ஓட்டினேன். அந்த வலியிலும் அவள் சும்மா இருந்தாளா?

"ரெண்டாவது கியர்லயே போறீங்களே... நான் போய்ச் சேர்றதுக்குள்ள ஆஸ்பத்திரி போய்ச் சேருவோமா?"

சேர்ந்தோம். இன்னும் அரைமணி தாமதித்திருந்தால் கடினம் என்றார் மருத்துவர். நான் அந்த நடைக்கூடத்தில் நின்று முதலில் இறைவனுக்கு நன்றி சொன்னேன். அடுத்து உனக்குச் சொன்னேன். உன் பம்பு இல்லையேல் உன் அண்ணி இல்லை. இப்போது வெள்ளிதோறும் அவளைப் பரிசோதனைக்கு அழைத்துப் போய் வருகிறேன். கைகூப்ப வேண்டிய ஒருவனிடம் நான் கைவரிசை காட்டியிருக்கிறேன் என்பதே இரவும் பகலும் என்னை வாட்டுகிறது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கொட்டகையில் உறைக்குக் கீழே நிற்பது இப்போது உன் கார் அன்று, அதன் உருவம். நான்கு பக்கமும் செங்கல் அடுக்கி நிறுத்தியிருக்கிறேன். கதவுகள் உண்டு. கண்ணாடிகள் உண்டு. முன்மூடியைத் திறந்தால் தரை தெரியும். நீ இல்லத்தரசியோடு வந்து, ஆசையாக உறையை விலக்கி, அந்தக் காட்சியைக் காண்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகவே முடிவு செய்துவிட்டேன். என் காரை நீ எடுத்துக்கொள். பெயர்தான் என்னுடையது, உடலில் பாதி உன்னுடையது. உன் அண்ணியை நான் எப்படியேனும் அழைத்துப் போவேன். அந்தக் கவலை உனக்கு வேண்டாம். சாவியைத் துடைத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். அண்ணன் என்ற சொல்லை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே.

நீயும் உன் குடும்பமும் குறைவற்ற செல்வமும் நிறைந்த ஆயுளும் பெற்று, பழுதறியா வாழ்வு வாழ இறைவனை இறைஞ்சும்,
உன் அண்ணன்.

பின்குறிப்பு: மடலை உறையிலிட்டு ஒட்டும் வேளையில் மெக்கானிக் அம்மாள் வந்தார். உனக்குக் கொடுக்குமுன் வண்டியைத் தகுதி ஆய்வுக்கு அனுப்ப வேண்டும் அல்லவா? அதற்கான படிவத்தை நிரப்ப, என்ஜினுக்குப் பின்னால் தகட்டில் அடித்திருக்கும் எண்ணை, மேலே படிந்த எண்ணெயைத் துடைத்துவிட்டுப் படித்தார். என் பதிவுப் புத்தகத்தைப் பார்த்தார். மறுபடியும் தகட்டைப் பார்த்தார்.

"ஐயா, இது உங்க வண்டி இல்லையே."

"என்னம்மா உளறுகிறீர்கள்?"

"இது தம்பி வண்டி. பெயிண்ட் அடிச்சவரு நம்பர் பிளேட்டை மாத்தி மாட்டிட்டாரு. நாலு வருஷம் ஓடாம நின்ன வண்டி, அதான் ரப்பரெல்லாம் வெடிச்சுது. செங்கல் மேல நிக்கிறதுதான் உங்களுது."

இரண்டு புத்தகங்களையும் வைத்து மும்முறை சரிபார்த்தோம், தம்பி. ஐயமே இல்லை. உன் அண்ணியின் வாசிப்புக் கண்ணாடிக்கும் விடை கிடைத்துவிட்டது; அது தொலைந்ததும் கிடைத்ததும் எங்கள் வண்டியிலேயே. வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த உன் அண்ணி, மருத்துவர் சிரிக்கக் கூடாது என்று சொல்லாததால், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ரெண்டு வருஷமா சொந்த வண்டியையே திருடிட்டு, அதுகிட்டயே மன்னிப்பும் கேட்ட மகானுபாவர் நீங்க ஒருத்தர்தான்!"

எனவே மேலே கேட்ட மன்னிப்புகள் அனைத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உன் வண்டியில் ஒரு திருகாணியையும் நான் எடுக்கவில்லை. என் வண்டியையே உரித்து உன் வண்டியைச் செம்மையாக வைத்திருக்கிறேன். என் காரை உனக்குத் தருவதாக எழுதியதையும் அடித்துவிடு. உன்னுடையதை உனக்கே தானம் செய்ய நான் யார்? அதற்குப் பதிலாக, பெருமையாக எழுதியவற்றுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். டாஷ்போர்டின் மூன்று துளைகளும் உன் டாஷ்போர்டில்தான். வெண்பா உன் கண்ணாடியில்தான். வாசல் தூணில் வண்டி உரசியதை நான் எங்கும் எழுதவில்லை; அதுவும் உன் கதவில்தான்.

நன்றி மட்டும் குறையவில்லை, கூடிவிட்டது. பம்பு என்னுடையதாகவே இருக்கட்டும். அன்று அவளைச் சுமந்து ஓடியது உன் வண்டி முழுவதும். வெள்ளிக்கிழமைகளைப் பற்றி உன் அண்ணி ஏற்கெனவே தீர்ப்பளித்துவிட்டாள்: "தம்பியே வந்து ஓட்டட்டும். அவருக்கு மூணாவது கியர் போடத் தெரியும்."

இன்னும் ஒரே ஒரு விண்ணப்பம். ஈற்றடி இப்போதுதான் தானாக அமைந்தது: "தம்பி தரவாழ்வேன் நான்." தளை தட்டவில்லை, பார்த்துவிட்டேன். இதையும் தீட்டிவிட்டால் பின்னால் வருவது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. வண்டி உன்னுடையது, தம்பி. எழுதட்டுமா?