பயம் நான்கு, மகிழ்ச்சி ஆறு

வாகனம் ஓட்டக் கற்பவருக்குக் கை, கால், கண் இருந்தால் போதும் என்று உலகம் நெடுங்காலமாகத் தவறாக நினைத்து வந்தது. செம்மைச் சாலை ஓட்டுநர் பயிற்சி நிலையம் சென்ற ஆண்டு அந்தத் தவற்றைத் திருத்தியது. "பயிலுநர்தம் அகவுணர்வு நலன் பேணும் முன்னோடித் திட்டம்" என்று பலகை மாட்டி, வாசலில் இரண்டு மெத்தை நாற்காலி போட்டு, லாவெண்டர் வாசனை தெளித்து, அதுவரை டயர் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்த பிரேம் என்பவரை மூத்த உணர்வுநல அதிகாரியாக உயர்த்தியது. வண்டியை ஒழுங்காக ஓட்டினால் மட்டும் இனித் தேர்வுக்குத் தேதி கிடைக்காது. ஓட்டுவதைப் பற்றிச் சரியான உணர்ச்சியும் இருக்க வேண்டும்.

இது தெரியாமல்தான் ஐம்பத்து நாலு வயது நூருன்னிசா அங்கே போய்ச் சேர்ந்தார்.

அவர் கணவர் நெய்னா முகம்மதுவுக்கு லிட்டில் இந்தியாவில் மசாலாத் தூள் கடை. தோ பாயோவிலிருந்து புக்கிட் மேரா வரை உள்ள சாப்பாட்டுக் கடைகளுக்கு முப்பத்தோரு வருஷமாக அவரே வேன் ஓட்டித் தூள் கொடுத்து வந்தார். இப்போது இடது கண் மங்கிவிட்டது. ஓட்டுவதை நிறுத்தச் சொன்ன டாக்டரின் பேச்சை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார். நாலு மாதத்தில் வேனின் இடப்பக்கக் கண்ணாடியை மூன்று முறை மாற்றியாயிற்று. அடுத்து அடிபடப்போவது கண்ணாடியாக இருக்காது, ஆளாக இருக்கும் என்ற நினைப்பு நூருன்னிசாவின் தூக்கத்தைத் தின்றது. வேறு ஓட்டுநர் வைக்கலாமே என்றால், "என் வண்டிய அடுத்தவன் தொடக் கூடாது" என்று ஒரே பிடி. மனைவி அடுத்தவள் இல்லை என்று ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் நூருன்னிசாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஓட்டக் கற்றதில் ஒரு குறையும் இல்லை. "பேரலல் பார்க்கிங் ஒரே அடில போட்டீங்க, சூப்பர் லா அக்கா!" என்று பயிற்சி கொடுத்த வித்யாவே கை தட்டினாள். அதற்குப் பிறகுதான் உணர்ச்சிகளுக்கு மதிப்பெண் போடும் படிவம் வந்தது. நூருன்னிசா ஒவ்வொரு கேள்வியையும் நின்று யோசித்து, மனசில் உள்ளதை அப்படியே எழுதிக் கொடுத்தார்.

பிரேம் அதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். அவரும் மூச்சுப் பயிற்சி பெற்றவர் என்பதால், அதை மூக்கால் இழுத்து வாயால் விட்டார்.

"மேடம், பயம் பத்துக்கு ஒம்பதுன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா தம்பி. பக்கத்துல லாரி வந்தா நம்மள நசுக்கிடுமோன்னு இருக்கு. அதனாலதான் ரெண்டு தடவை கண்ணாடி பார்க்கிறேன்."

"பார்க்கலாம். பயப்படாம பார்க்கணும். பயத்துக்கு லிமிட் அஞ்சு. அப்புறம், 'போக வேண்டிய இடத்துக்குப் பத்திரமாகப் போய்ச் சேருவீர்களா?' ஆமாவா இல்லையான்னு கேட்டிருக்கோம். நீங்க இன்ஷா அல்லாஹ்னு எழுதியிருக்கீங்க."

"வேற என்ன எழுதுறது? ஓட்டுறதுதான் என் கையில இருக்கு. கொண்டு சேர்க்கிறது அவன் நாட்டம்."

'முடிவெடுக்கும் பொறுப்பை மூன்றாம் தரப்பிடம் ஒப்படைக்கும் போக்கு காணப்படுகிறது' என்று பிரேம் எழுதினார். மேசை மேலிருந்த சின்னப் பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை.

"தம்பி, எங்க வீட்டுக்காரருக்கு ஒரு கண்ணு சரியாத் தெரியல. அவருதான் இப்ப ஓட்டிக்கிட்டு இருக்காரு. நான் பாஸ் பண்ணாத்தான் அவரை இறக்க முடியும்."

"அவரு லைசென்ஸ் எப்ப எடுத்தாரு?"

"முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு."

"அப்ப உணர்வு மாட்யூல் கிடையாது. அவருகிட்ட எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல மேடம்."

நூருன்னிசாவைப் பயம் தணிக்கும் வகுப்புக்கு அனுப்பினார்கள். நிறுத்தி வைத்த காரில் கண்ணை மூடி உட்கார்ந்து, நாற்பது நிமிடம் ஓர் ஏரியை நினைக்க வேண்டும். நூருன்னிசா நாளைக்கு எத்தனை கிலோ மல்லி வறுக்க வேண்டும் என்று நினைத்தார். வெளியே வந்து பயம் ஒன்று என்று எழுதினார். அதுவும் தோல்வி.

"மூணுக்குக் கீழ போனா அலட்சியம் மேடம்."

"வண்டி நின்னுக்கிட்டுத்தானே தம்பி இருந்துச்சு?"

"நின்னாலும் கொஞ்சம் பயம் இருக்கணும்."

வித்யாவுக்குப் பாவமாகிவிட்டது. "அக்கா, எல்லாரும் பயம் நாலு, மகிழ்ச்சி ஆறு, கோபம் ஜீரோ, அவ்வளவுதான் எழுதுறாங்க. வாட்ஸ்அப் குரூப்லயே இருக்கு."

"பொய் எழுதச் சொல்றியாம்மா?"

"பொய் இல்லக்கா, ஃபார்மட்."

தராசில் ஒரு கிராம் குறைத்து நிறுக்காத மனுஷி, இதற்கு மசியவில்லை. மூன்றாம் முறையும் உள்ளதை எழுதினார், மூன்றாம் முறையும் தோற்றார்.

அந்த வாரம் புக்கிட் மேராவில் நெய்னா முகம்மது இடது பக்கம் திரும்பினார். பக்கத்தில் இருந்த நூருன்னிசா போட்ட சத்தத்தில் வேன் குலுங்கி நின்றது. ஒரு சைக்கிளின் முன்சக்கரம் சாண் தூரத்தில் நின்றது. ஓட்டி வந்த பையனுக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

"எங்கேர்ந்து வந்தான் இவன்?" என்றார் நெய்னா முகம்மது.

"உங்க இடது பக்கத்துலேர்ந்து, மச்சான்."

அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுபடியும் வண்டியைக் கிளப்பினார்.

மறுநாள் காலையில் நூருன்னிசா நிலையத்துக்குப் போனபோது, பிரேமே எழுந்து வந்து மெத்தை நாற்காலியில் உட்கார வைத்து, தேத்தண்ணியும் வரவழைத்துக் கொடுத்தார்.

"மேடம், ஒரு உதவி. மேலிடத்துலேர்ந்து திட்டத்தை ஆய்வு பண்ண வர்றாங்க. எங்ககிட்ட நாலாயிரம் படிவம் இருக்கு. எல்லாம் ஒரே ஆளு எழுதின மாதிரி இருக்கு. நிஜமான உணர்ச்சின்னு பார்த்தா நீங்க ஒருத்தர்தான்."

"அப்ப என்னைப் பாஸ் போடுங்க."

"அதான் முடியாது. உண்மை எழுதினவங்க பாஸ்னா, அப்புறம் திட்டம் எதுக்குன்னு கேப்பாங்க. நீங்க இன்னும் ஆறு மாசம் இதே மாதிரி ஃபெயில் ஆகிக் கொடுக்கணும். சும்மா இல்ல மேடம், 'நேர்மை உணர்வுச் செம்மல்'னு பட்டம் தர்றோம். வாசல்ல உங்க படம் வைக்கிறோம்."

ஆறு மாசம். நூருன்னிசாவின் கண்ணுக்குள் சைக்கிள் சக்கரம் சுழன்றது.

"படிவத்தைக் கொடுங்க தம்பி."

பிரேம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதினார். பயம் நான்கு. மகிழ்ச்சி ஆறு. கோபம் இல்லை. பத்திரமாகப் போய்ச் சேருவீர்களா என்பதற்கு 'ஆம்' என்று குறித்துவிட்டு, இன்ஷா அல்லாஹ்வை மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

விதி என்றால் விதி. பிரேம் முத்திரை குத்தினார். "உங்ககிட்ட இதை எதிர்பார்க்கல மேடம்" என்றார். அந்த வருத்தம் மட்டும் நிஜம்.

ஆய்வுக் குழு வந்தது. பயிலுநர் அனைவரும் ஒரே அளவில் அமைதியாக இருப்பதைக் கண்டு வியந்து, பாராட்டிவிட்டுப் போனது. நூருன்னிசா தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டி, உரிமம் வாங்கினார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்த நெய்னா முகம்மது, பழக்க தோஷத்தில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தார். சற்று நின்றார். பிறகு சாவியை மனைவி கையில் வைத்துவிட்டு, வேனைச் சுற்றிக்கொண்டு போய் இடப்பக்கம் ஏறினார். சிராங்கூன் சாலை நெடுகிலும் ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும் அவர் வலது கால் மட்டும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அதை நூருன்னிசா ஓரக்கண்ணால் பார்த்தார்.

"கஷ்டமா இருக்கா மச்சான்?"

"சேச்சே. எனக்கென்ன, நிம்மதியா இருக்கு." ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உனக்குப் பயமா இருக்கா?"

பக்கத்தில் ஒரு சிமெண்டு லாரி உறுமிக்கொண்டிருந்தது. நூருன்னிசா கண்ணாடியை இரண்டு தடவை பார்த்தார்.

"இல்லவே இல்ல" என்றார்.

வண்டி நல்லபடியாகத் தோ பாயோ போய்ச் சேர்ந்தது. சாப்பாட்டுக் கடை செல்லக்கண்ணு வாசலுக்கே வந்து மூட்டையை வாங்கிக்கொண்டார்.

"பாய், எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கோம்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். "நீங்க?"

"எனக்கென்ன பாய், ரொம்ப நல்லா இருக்கேன்" என்றார், சமையல்காரர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டதால் காலையிலிருந்து தானே அடுப்பில் வெந்துகொண்டிருந்த செல்லக்கண்ணு.