சோளத்துக்கு மருந்து அடித்த வெளிநாட்டு நிருபர்

பொய் சொல்வதற்கும் படிப்பு வேண்டும். வாய் இருந்தால் போதும் என்று நினைத்து இறங்குகிறவர்கள், என்னைப் போல நடுரோட்டில் சிரிப்பாய்ச் சிரித்துப் போவார்கள்.

திருச்சியில் படித்தபோது என் விடுதி அறையில் பெஹ்ரூஸ் என்று ஓர் ஈரான்காரன் இருந்தான். என்னைவிட ஐந்து வயது மூத்தவன். வகுப்பு மட்டும் ஒன்று. அவன் நாட்டில் ஆட்சி கவிழ்ந்து, புது ஆட்சி வந்து, பல்கலைக்கழகங்களை இழுத்து மூடிவிட்டார்கள். இன்றைக்குத் திறப்பார்கள், நாளைக்குத் திறப்பார்கள் என்று அவனும் அவன் சிநேகிதர்களும் தெருமுனையில் நின்றே வருஷங்களைத் தொலைத்தார்கள். அதற்குள் பக்கத்து நாட்டோடு சண்டையும் வந்தது. தையற்கடை வைத்திருந்த அவன் அப்பா, எங்கேயாவது போய்ப் படித்துவிட்டு வா என்று அனுப்ப, அவன் வந்து விழுந்தது எங்கள் மெஸ் சாம்பாரில்.

அவனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது நான். அதனால் ஈரான்காரன் வாயில் எங்கள் அசல் கள்ளக்குறிச்சிப் பேச்சு. திருச்சிப் பையன்கள் என்னைப் பார்த்துச் சிரித்ததுபோலவே அவனைப் பார்த்தும் சிரித்தார்கள். அவனுக்கு வித்தியாசம் தெரியாது. இதுதான் தமிழ் என்று நினைத்திருந்தான். (நான் இன்றைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.)

பரீட்சைக்கு முன்னால் நாலு நாள் லீவு விட்டார்கள். அறையில் உட்கார்ந்து படித்திருக்கலாம். நானோ, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கல்வராயன் மலை இருக்கிறது, ஸ்வெட்டர் இல்லாமல் போனால் விறைத்துவிடுவோம் என்று அளந்துவிட்டு, அவனை எங்கள் வடக்கனந்தலுக்குக் கூட்டிவந்தேன். மறுநாள் மலைமேல் இருக்கும் வெள்ளிமலை போய்ச் சேர்ந்து, ஸ்வெட்டருக்குள் வியர்த்துக்கொண்டு அவன் சுற்றிலும் பார்த்தான்.

"நல்லாக்கீது. மலை எங்க?" என்றான்.

அவன் ஊரில் சித்திரை மாதத்திலும் மலைமேல் பனி கிடக்குமாம். அதை முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

நாலாம் நாள் விடிகாலையில் இறங்கி வந்து பார்த்தால் ஊர் உலகமே நின்றுபோயிருந்தது. இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. மறுநாள் காலையில் எங்களுக்குப் பரீட்சை. எனக்கு அது பெரிய விஷயமில்லை, போனாலும் தேறப்போவதில்லை. பெஹ்ரூஸ் மட்டும் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"எங்க ஊர்ல காலேஜ் மூடினாங்க. இங்க ரோட்ட மூடிட்டாங்க. இன்னொரு வருஷம் போனா எங்கப்பாவால பணம் அனுப்ப முடியாது. திரும்பிப் போய்க்க வேண்டிதான்" என்றான். திரும்பிப் போனால் காலேஜ் இல்லை, சண்டைதான்.

உளுந்தூர்பேட்டை வரை போய்விட்டால் திருச்சிப் பக்கம் லாரி கிடைக்கும் என்று கேள்வி. அப்பாவின் சைக்கிளை எடுத்தேன்.

"சாவு வூட்டுக்குப் போறவங்கள வுடுறாங்களாம்மா. யாருனா செத்துட்டாங்கன்னு சொல்லிக்கிறேன்" என்றேன்.

அம்மா கரண்டியோடு வந்தாள். "உசுரோட கீற யாரடா சாவடிக்கப் போற? பேரச் சொல்லிட்டுப் போ, அவங்களாண்ட நானே சொல்லி வெக்கிறேன்."

சாவு கைவிடப்பட்டது. அப்போதுதான் பெஹ்ரூஸின் கையில் இருந்த குட்டி டிரான்சிஸ்டர் ரேடியோ என் கண்ணில் பட்டது. தன் நாட்டுச் செய்தி கேட்க அதை எப்போதும் வைத்திருப்பான். ஆளோ சிவப்பு, கையிலோ பெட்டி. என் மூளை வேலை செய்தது. (என் வாழ்க்கையில் அது வேலை செய்த நாட்களில்தான் எல்லாம் கெட்டிருக்கிறது.)

"நீ வாயைத் தொறக்காத. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

கள்ளக்குறிச்சி தாண்டி முதல் மரத்தடுப்பில் இருபது முப்பது பேர் இருந்தார்கள். தலைப்பாகையும் கோடரியுமாக ஓர் இளைஞர் முன்னால் வந்தார்.

"யாருப்பா? எங்க போறீங்க?"

"சார் வெளிநாட்டு ரேடியோவுல நிருபருங்க. போராட்டத்தப் பத்திச் செய்தி எடுக்க வந்துக்கிறாரு. அவசரமா போவணும்."

வழி கிடைக்கும் என்று நினைத்தேன். கிடைத்தது நாற்காலி. எங்கிருந்தோ இளநீர் வந்தது.

"போராட்டத்தப் பத்தி எடுக்க வந்தவரு போராட்டத்த வுட்டுட்டு எங்க போறாரு? குந்தச் சொல்லுப்பா" என்றார் கோடரிக்காரர்.

நியாயமான கேள்வி. உட்கார்ந்தோம்.

அப்புறம் பேட்டி ஆரம்பித்தது. ஒவ்வொருவராக வந்து, அதுதான் ஒலிப்பதிவுப் பெட்டி என்று நம்பி, டிரான்சிஸ்டருக்கு முன்னால் குனிந்து பேசினார்கள். ஒருவர் தன் பையனுக்குக் காலேஜில் இடம் கிடைக்காத கதையைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்தவர், மாமியார் வீட்டுக்காரர்களும் கேட்பார்களா என்று விசாரித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். கோடரிக்காரர் பி.காம். படித்தவர். வேலை கிடைக்காமல் அண்ணன் கடையில் பொட்டலம் கட்டுவதைச் சொன்னார். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. நைனார்பாளையத்துக்கும் ஆள் அனுப்பியிருக்கிறார்கள், அவர்கள் வந்ததும் முதலிலிருந்து ஒருமுறை பேசலாம் என்றார்கள். 

அவசரத்தில், "ஒலிப்பதிவு முடிஞ்சிதுங்க, அணைச்சிடுறேன்" என்று ஒரு திருகு திருகினேன். பெட்டி வாய் திறந்தது.

"...சோளப் பயிரில் குருத்து ஈ தாக்குதலைக் கட்டுப்படுத்த விவசாயப் பெருமக்கள் உடனடியாக மருந்து தெளிக்க வேண்டும்..."

கூட்டம் அமைதியாகக் கேட்டது. பின்னாலிருந்து ஒருவர், "நான் அடிச்சிட்டேன்" என்றார்.

கோடரிக்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் கோடரி ஒன்றுமேயில்லை. நான் இன்னொரு பொய்யைத் தேடிக்கொண்டிருக்கும்போது பெஹ்ரூஸ் எழுந்து கும்பிட்டான்.

"நான் ரேடியோ இல்லீங்கண்ணே. ஈரான்லர்ந்து படிக்க வந்துகிறேன். நாளிக்குப் பரிச்ச. எங்க ஊர்ல காலேஜ் மூடி ரெண்டு மூணு வருஷம் சும்மாவே குந்திகினு இருந்தேன். இதுவும் போச்சின்னா அவ்ளோதாங்க. இவன் பொய் சொல்லுவான், ஆனா நல்லவன்."

"இன்னாய்யா இது, நம்ம வூட்டுப் புள்ள மாரி பேசுறான்" என்றார் குருத்து ஈக்கு மருந்து அடித்தவர்.

 கோடரிக்காரர் கோடரியை மரத்தின்மேல் வைத்தார்.

"காலேஜுல எடம் வேணும்னுதான நாம ரோட்ல குந்திகினுகீறோம்? பரிச்சைக்குப் போறவன மறிச்சிட்டோம்னு நாளிக்குப் பேச்சு வரலாமா? புடிங்கப்பா அந்த சைக்கிள." என் பக்கம் திரும்பினார். "உண்மையச் சொல்லியிருந்தா காத்தாலயே வுட்டிருப்போம். எளநீரும் மிச்சமாயிருக்கும்."

சைக்கிளைத் தலைக்கு மேலே தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கினார்கள். அவரே இன்னொரு சைக்கிளில் கூட வந்தார். பெஹ்ரூஸ் அவர் கேரியரில்; நான் தனியாக, பின்னால். ஒவ்வொரு தடுப்பிலும், "இவரு பரிச்ச எழுதப் போறாரு, வுடுங்க" என்பார். பிறகு என்னைக் காட்டி, "இவரு சோளத்துக்கு மருந்து அடிக்கிறவரு" என்பார். உளுந்தூர்பேட்டை போய்ச் சேர்வதற்குள் என் புகழ் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. லாரி டிரைவர்கூட, "நீதானா அது?" என்றுதான் ஏற்றிக்கொண்டார்.

பெஹ்ரூஸ் தேறினான். நான் அதே பரீட்சையில் கோட்டைவிட்டேன். ரோடு திறந்ததும் அந்தக் கதை எங்கள் வீட்டுக்கு வந்தது. வந்தது திரும்பிப் போகவேயில்லை. யாராவது கொஞ்சம் கூட்டிப் பேசினால் போதும், "சோளத்துக்கு மருந்து அடிச்சிட்டியா?" என்று கேட்பார்கள். என் மனைவி வந்த புதிதில் எங்களுக்கு நிலம் இருக்கிறது என்று நம்பினாள், பாவம்.

பெஹ்ரூஸ் இப்போது அவன் ஊரில் வாத்தியார். வருஷத்துக்கு ஒருமுறை, அங்கே புது வருஷம் பிறக்கும்போது, போன் செய்வான். போன தடவை, வகுப்பில் பையன்கள் சாக்குச் சொன்னால் அவன் தமிழிலேயே கேட்கும் முதல் கேள்வி அதே சோளக் கேள்விதான் என்று சொன்னான். எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாதாம். ஆனால் அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் சோளம் என்ற தமிழ் வார்த்தை தெரியுமாம்.